போர்ட்டல் அழுத்தம் குறைந்தது, கல்லீரல் தளர்ந்ததா? ஓர் ஆய்வகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவின் மையத்தில் இருப்பவர் குருதிநாள உடலியங்கியலில் கைதேர்ந்த ஓர் ஆய்வாளர். முனைவர் பட்டக் காலத்திலும் அதன்பின் சில ஆண்டுகளும் அவர் பெருந்தமனி வளையங்களோடுதான் வேலை செய்தார். எலியின் பெருந்தமனியைச் சிறு மோதிரங்களாக வெட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் மாட்டி, எந்த மருந்துக்கு எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு தளர்கிறது என்று அளக்கும் வேலை அது. அந்தத் துறைக்கு அடித்தளமான சோதனையை ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல் வெளியிட்டார். குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உள்வரிச் செல்கள் கெடாமல் இருந்தால் அசிட்டைல்கோலின் குழாயைத் தளர்த்தும். அவற்றை உரசி நீக்கிவிட்டால் தளர்த்தாது. உள்வரியிலிருந்து வரும் அந்தத் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பிறகு தெளிவாயிற்று. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்தப் பயிற்சியோடு அவர் ஒரு கல்லீரல் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். அவரை இழுத்தது ஒரு முரண்பாடு. கல்லீரல் தழும்பேறி இறுகும் சிர்ரோசிஸ் நோய் வந்த உடலில் கல்லீரலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு பற்றாக்குறையாக இருக்கிறது; அதே உடலின் குடல் பகுதித் தமனிகளில் அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. விளைவாக, கல்லீரலுக்குள் குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன. கல்லீரலுக்கு ரத்தத்தை அனுப்பும் பக்கத்தில் குழாய்கள் விரிந்து கிடக்கின்றன. வரத்தும் கூடுகிறது, வடிகாலும் அடைபடுகிறது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

நோயாளிகளில் இந்த அழுத்தத்தைக் கல்லீரல் சிரை வழியாக மறைமுகமாக அளக்கிறார்கள். போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையே இயல்பான வேறுபாடு 1 முதல் 5 மி.மீ. பாதரசம். 10-ஐத் தொட்டால் சிக்கல்கள் தொடங்கும் கட்டம். 12-ஐத் தாண்டினால் உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் வெடித்து ரத்தம் கசியும் ஆபத்து. 1980களின் தொடக்கத்திலிருந்து இதற்கென வழங்கப்படும் புரோப்ரனலால் வரத்தைக் குறைக்கிறதே தவிர, கல்லீரலுக்குள் இருக்கும் இறுக்கத்தைத் தொடுவதில்லை. அந்த இறுக்கத்தையே தளர்த்தும் மருந்து ஒன்றைத் தேடுவதுதான் ஆய்வாளரின் நோக்கம்.

நான் அதே தளத்தில் தனித்த கல்லீரல் ஊடோட்டக் கருவியை, அதாவது உடலிலிருந்து எடுத்த கல்லீரலில் கரைசலை ஓட்டும் கருவியை, இயக்கி வந்தேன். இந்த ஆய்வின் நடுவில்தான் உள்ளே வந்தேன். தொடக்கப் பகுதியைக் குழுவின் குறிப்பேடுகளிலிருந்தும் அவர்களோடு பேசியும் எழுதியிருக்கிறேன். அவர்கள் சோதித்த மூலக்கூறின் அடையாளத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

உறுப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக, குடலிலும் மண்ணீரலிலும் ஒரு சுற்றுச் சுற்றி, ஆக்சிஜன் ஓரளவு செலவான நிலையில் வருகிறது. மீதிக் கால் பங்கைக் கல்லீரல் தமனி புதிய ரத்தமாகக் கொண்டுவருகிறது. அளவில் சிறியதாயினும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதி அதன் பொறுப்பு. இரண்டு வரத்துகளும் சைனுசாய்டு எனப்படும் நுண்குழாய்களில் கலக்கின்றன.

பெருந்தமனிக்குப் பழகிய கண்ணுக்குச் சைனுசாய்டு ஒரு விநோதம். அதன் உள்வரிச் செல்களில் 50 முதல் 200 நானோமீட்டர் வரை அகலமுள்ள திறந்த துளைகள் சல்லடை போலக் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அடியில் முறையான அடித்தளச் சவ்வும் இல்லை. சுற்றிலும் தசையடுக்கும் இல்லை. தசையின் வேலையை ஓரளவு செய்பவை ஸ்டெல்லேட் செல்கள். நலமான கல்லீரலில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கும் இவை, நோயில் சுருங்கும் தன்மை பெற்று நார்ப்பொருளையும் கொட்டத் தொடங்குகின்றன. அதே வேளையில் உள்வரிச் செல்களின் துளைகள் மூடிக்கொள்கின்றன. சிர்ரோசிஸில் கூடிய தடையின் பெரும்பகுதி தழும்பு. மருந்தால் தளர்த்தக்கூடிய பகுதி ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம்தான் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. ஆய்வாளர் குறிவைத்தது அந்தப் பகுதியை.

முதலில் கண்டது

கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலில் தழும்பு உண்டாக்கிய எலிகளில் சோதனை தொடங்கியது. மயக்கத்தில் இருக்கும் எலியின் போர்ட்டல் சிரையில் மெல்லிய குழாய் செருகி, அழுத்தம் நிலைப்பட்டதும் மூலக்கூறைச் செலுத்தினார்கள். அழுத்தம் இறங்கியது. அடுத்தடுத்த எலிகளிலும் இறங்கியது. மருத்துவத்தில் நல்ல பலன் என்று கொள்ளப்படும் 20 சதவீத அளவை ஒட்டிய இறக்கம்.

குழுவில் உற்சாகம் இருந்தது இயல்பே. பெருந்தமனி வளையங்களில் அந்த மூலக்கூறு தெளிவாகத் தளர்வைக் காட்டியிருந்தது. முழு விலங்கிலும் அழுத்தம் குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் கதை கூடிவிடுகிறது. ‘கல்லீரலின் உட்தடையைக் குறைக்கும் மூலக்கூறு’ என்ற தொனியில் கட்டுரையின் முதல் வரைவும் எழுதப்பட்டது.

கூட்டத்தில் எழுந்த கேள்வி

வரைவு வாராந்தரக் கூட்டத்துக்கு வந்தபோது மூத்த உடலியங்கியலாளர் ஒருவர் தமனி அழுத்தப் பதிவைக் கேட்டார். மயக்கத்தின் ஆழத்தைக் கவனிப்பதற்காகச் சில எலிகளில் தொடைத் தமனியிலும் குழாய் வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளை யாரும் போர்ட்டல் பதிவோடு ஒரே தாளில் வைத்துப் பார்த்திருக்கவில்லை. வைத்துப் பார்த்தபோது தமனி அழுத்தம் முதலில் சரிந்தது, சற்றுப் பின்னால் போர்ட்டல் அழுத்தம் சரிந்தது என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

குழாயின் இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கிய தொகை. தமனி அழுத்தம் சரிந்தால் குடலுக்குப் போகும் ரத்தம் குறையலாம். குறைந்தால் போர்ட்டல் சிரைக்கு வருவதும் குறையும். கல்லீரல் இம்மியும் தளராமலேயே போர்ட்டல் அழுத்தம் இறங்கிவிடும். கையில் இருந்த தரவு இந்த இரண்டு விளக்கங்களில் எதையும் தள்ளவில்லை.

இன்னொரு கேள்வி உணரியைப் பற்றி எழுந்தது. வெளிக்கு அற்பமாகத் தெரிந்தாலும் அதில்தான் அதிக நேரம் செலவானது. அழுத்த உணரியின் சுழி மட்டம் இதயத்தின் மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். 1.36 செ.மீ. நீர் உயரம் ஒரு மி.மீ. பாதரசத்துக்குச் சமம். 100 மி.மீ. அளவில் துடிக்கும் பெருந்தமனியில் அந்தப் பிழையை யாரும் கவனிக்கப்போவதில்லை. நலமான எலியின் போர்ட்டல் அழுத்தமோ பத்துக்குள் அடங்குவது. மேசையை ஒரு விரற்கடை ஏற்றி இறக்கினாலே பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றம் ‘கிடைத்துவிடும்’. தமனி உலகிலிருந்து சிரை உலகுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை நின்று தங்கள் பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வரைவை நிறுத்திவைத்தது முதல் முடிவு. குழுவின் எல்லோருக்கும் இது உவப்பாக இல்லை. ‘அழுத்தம் குறைகிறது என்று மட்டும் எழுதலாமே’ என்று ஒருவர் வாதிட்டார். உண்மையைத்தானே சொல்கிறோம் என்பது அவர் கேள்வி. ஆய்வாளரின் பதில் எனக்குச் சரியாகப் பட்டது: படிப்பவர் அந்த வாக்கியத்திலிருந்து கல்லீரல் தளர்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார், அது நமக்குத் தெரியும்போது அப்படி எழுதுவது நேர்மையல்ல.

அடுத்து, முழு விலங்கில் போர்ட்டல் சிரையைச் சுற்றி மீயொலி ஓட்ட அளவியைப் பொருத்தி, தமனி அழுத்தம், போர்ட்டல் அழுத்தம், போர்ட்டல் ஓட்டம் மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவது என்று முடிவாயிற்று. இதற்கு ஓர் எல்லை உண்டு. சிர்ரோசிஸில் போர்ட்டல் ரத்தத்தின் ஒரு பகுதி புறவழிச் சிரைகளில் திரும்பிக் கல்லீரலைத் தொடாமலேயே போய்விடுகிறது. சிரைமேல் வைத்த அளவி அதைக் காணாது. அதனால் இந்தச் சோதனை மட்டும் போதாது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

மூன்றாவதாகத்தான் என் கருவி வந்தது. தனித்த கல்லீரலில் விசைக்குழாய் மாறாத வேகத்தில் கரைசலைச் செலுத்தும். வரத்து நம் கையில் இருப்பதால், அழுத்தத்தில் தெரியும் ஒவ்வொரு மாற்றமும் தடையின் மாற்றமே. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. ரத்தச் சிவப்பணுக்கள் இல்லாத கரைசல் ஆக்சிஜனைக் குறைவாகவே சுமக்கும். அதை ஈடுகட்ட உடலில் ஓடுவதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில், கல்லீரலின் ஒரு கிராமுக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 மி.லி. வரை ஓட்ட வேண்டும். அந்த வேகம் உள்வரிச் செல்களை உரசி, அதுவே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கும். நரம்பும் இல்லை, தமனியும் இல்லை. இது உடல் அல்ல. ஆனால் எங்கள் கேள்வி உடலைப் பற்றியதாக இருக்கவில்லை. இந்த மூலக்கூறு கல்லீரலின் குழாய்களை நேரடியாகத் தொடுகிறதா என்ற ஒன்றுதான். அந்த ஒரு கேள்விக்கு இந்த வறட்டு ஏற்பாடே பொருத்தம்.

எந்தக் கல்லீரலை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது: மேற்பரப்பில் திட்டுத் திட்டாக நிறம் மாறினால், அடிப்படை அழுத்தம் தொடர்ந்து ஏறினால், பித்த ஒழுக்கு நின்றால் அந்தக் கல்லீரல் கணக்கில் வராது. எந்தப் புட்டியில் மருந்து, எதில் வெறும் கரைப்பான் என்பது கருவியை இயக்கும் எனக்குத் தெரியாது.

தனித்த கல்லீரல் காட்டியது

கிரெப்ஸ் கரைசலில் 37 டிகிரியில் ஓடும் கல்லீரல் இயல்பாகவே தளர்ந்து கிடக்கும். தளர்ந்த குழாயைத் தளர்த்திக் காட்ட முடியாது. வளையங்களோடு வாழ்ந்த ஆய்வாளருக்கு இது உடனே பிடிபட்டது. முதலில் மெத்தாக்சமைன் கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகுதான் தளர்வைத் தேட வேண்டும் என்றார். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் சோடியம் நைட்ரோபுருசைடைச் செலுத்தும் யோசனையும் அவருடையதே. அது நைட்ரிக் ஆக்சைடைத் தானே வெளியிடுவதால் உள்வரிச் செல்களின் உதவி அதற்குத் தேவையில்லை. மருந்துக்கு அசையாத கல்லீரல் நைட்ரோபுருசைடுக்கு அசைந்தால், தளரும் திறன் அதில் இருக்கிறது, மருந்துதான் அதை எட்டவில்லை என்று சொல்லலாம். இந்தக் கடைசிப் படி இல்லாமல் எதிர்மறை முடிவு எதையும் நான் நம்புவதில்லை.

ஆரம்பக் கட்டத்தில் சில கல்லீரல்களில் அடிப்படை அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போனது. மருந்துக் குழு, கரைப்பான் குழு என்ற வேறுபாடு இல்லை. கரைசலில் வரும் காற்றுக் குமிழிகளைப் பிடிக்கும் குமிழிப் பொறியின் இணைப்பு ஒன்றில் காற்று கசிவது தெரிந்தது. நுண்ணிய குமிழிகள் சைனுசாய்டுகளை அடைத்தபடி இருந்தன. இணைப்பை மாற்றியதும் நின்றது. முன்பே எழுதிய விதிப்படி அந்தக் கல்லீரல்கள் தள்ளப்பட்டன. புட்டிகளின் குறி அப்போது இன்னும் அவிழ்க்கப்படவில்லை என்பது பிற்பாடு மதிப்பாய்வில் கைகொடுத்தது.

குறி அவிழ்ந்தபோது தெரிந்தது இது. நலமான கல்லீரல்கள் அசிட்டைல்கோலினுக்குத் தளர்ந்தன. தழும்பேறியவை கொஞ்சமே தளர்ந்தன, சிலவற்றில் அழுத்தம் தலைகீழாக ஏறவும் செய்தது. இது புதிதல்ல, நோயுற்ற உள்வரி தளர்த்தும் பொருளைக் குறைத்து, சுருக்கும் திராம்பாக்சேனைக் கூடுதலாக வெளியிடும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. எங்கள் தயாரிப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று. மூலக்கூறோ இரண்டு வகைக் கல்லீரலிலும் பெரிதாக எதையும் செய்யவில்லை. கடைசியில் நைட்ரோபுருசைடு கொடுத்தபோது இரண்டும் தளர்ந்தன.

முழு விலங்கில் மூன்று அளவுகளையும் சேர்த்துப் பதிந்த சோதனையும் அதே பக்கம் சாய்ந்தது. போர்ட்டல் அழுத்தம் குறைந்த விகிதத்திலேயே போர்ட்டல் ஓட்டமும் குறைந்தது. வகுத்துப் பெற்ற தடை ஏறக்குறைய அங்கேயே நின்றது. பல வாரங்கள் வாய்வழியாக மருந்து கொடுத்த எலிகளில் தழும்பின் அளவும் குறையவில்லை. அசிட்டைல்கோலினுக்கான தளர்வு மட்டும் சற்று மேம்பட்டதுபோல் தோன்றியது. புள்ளியியல் நிச்சயம் கிடைக்காததால் ஆய்வாளர் அதைக் கண்டுபிடிப்பாக முன்வைக்க மறுத்துவிட்டார்.

பெருந்தமனியைத் தளர்த்தும் பொருள் சைனுசாய்டை ஏன் தொடவில்லை? மென்தசையில் வேலை செய்யும் மூலக்கூறுக்கு, தசையே இல்லாத குழாயில் பிடிமானம் குறைவு என்பது என் ஊகம். ஸ்டெல்லேட் செல்லின் சுருக்கமும் தசையின் சுருக்கமும் முழுக்க ஒரே வழியில் நடப்பவையல்ல. அந்த ஊகத்தைச் சோதிக்கும் தரவு இந்த ஆய்வில் இல்லை.

நுண்ணோக்கிப் படங்கள்

சைனுசாய்டின் துளைகளும் எண்ணப்பட்டன. துளைகளைத் தெளிவாக முதலில் காட்டியவர் எடி விஸ். 1970-இல் அவர் வெளியிட்ட படங்களுக்கு அடிப்படை, பதப்படுத்தும் கரைசலைக் குருதிநாளம் வழியாகவே செலுத்தும் முறை. திசுத்துண்டை வெறுமனே கரைசலில் ஊறப்போட்டால் உள்வரி சுருங்கிக் குலைந்துவிடும். செலுத்தும் அழுத்தம் கூடினாலோ சல்லடை கிழிந்து, மெய்யான துளைகளைவிடப் பெரிய ஓட்டைகள் தோன்றும். எங்கள் முதல் தொகுதியில் அப்படிப்பட்ட ஓட்டைகள் நிறைய இருந்ததால் அது முழுவதும் ஒதுக்கப்பட்டது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி எடுத்த இரண்டாம் தொகுதியில் மருந்து பெற்ற எலிகளுக்கும் பெறாதவற்றுக்கும் வித்தியாசம் காண முடியவில்லை.

விளைவு

கட்டுரை திரும்ப எழுதப்பட்டது. மூலக்கூறு வரத்தைக் குறைப்பதன் வழியாகவே போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கிறது, கல்லீரலின் உட்தடையைக் குறைப்பதற்குச் சான்றில்லை என்பது புதிய முடிவு. முதலில் அனுப்பிய ஆய்விதழ் எதிர்மறை முடிவு என்ற காரணத்தால் திருப்பியது. இரண்டாவது இதழ் ஏற்றது; அங்கே மதிப்பாய்வாளர் கேட்ட ஒரே பெரிய கேள்வி, கல்லீரல்களைத் தள்ளிய விதி எப்போது எழுதப்பட்டது என்பது.

அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லும் பேச்சு அத்தோடு நின்றது. முன்னேறிய சிர்ரோசிஸில் தமனி அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும்; சிறுநீரகம் அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில்தான் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே தமனியைத் தளர்த்துவது கல்லீரலுக்கு உதவுவதாகக் காட்டிக்கொண்டு சிறுநீரகத்தைக் கெடுப்பதாக முடியலாம். ரத்த அழுத்த மருந்தான லோசார்டானின் கதை இத்துறையில் எல்லோருக்கும் நினைவிருக்கும்: 1999-இல் அது போர்ட்டல் அழுத்தத்தை வியக்கத்தக்க அளவில் குறைப்பதாக ஒரு குழு அறிவித்தது, 2001-இல் சமவாய்ப்பு முறையில் நடந்த இன்னொரு சோதனை அந்தப் பலனைக் காணவில்லை, தமனி அழுத்தம் சரிவதையும் சில நோயாளிகளில் சிறுநீரக வடிகட்டல் குறைவதையும்தான் கண்டது. எங்கள் மூலக்கூறுக்கும் அந்த வழி திறந்திருந்தது.

இழப்பு எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுத் திட்டம் பாதியில் திசை மாறியது. அவர் இப்போது மூலக்கூறை விட்டுவிட்டு, தழும்பேறிய கல்லீரலில் அசிட்டைல்கோலின் ஏன் சிலவற்றில் அழுத்தத்தை ஏற்றுகிறது, சிலவற்றில் ஏற்றுவதில்லை என்பதைப் பார்க்கிறார். என் கணிப்பில் அதுவே மேலான கேள்வி.

இனி மாற்றப்படுபவை

தமனி அழுத்தமும் போர்ட்டல் ஓட்டமும் கூடவே இல்லாத போர்ட்டல் அழுத்தப் பதிவு இனி குழுவின் கூட்டத்தில் முடிவாக முன்வைக்கப்படாது. உணரியின் சுழி மட்டம் ஒவ்வொரு விலங்குக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் சரிபார்க்கப்பட்டுக் குறிப்பேட்டில் ஏறும். உடல் வெப்பநிலையும் மயக்க மருந்தின் அளவும் அதே தாளில் இருக்கும், ஏனெனில் இரண்டும் குடல் பகுதி ரத்த ஓட்டத்தைத் தாமே மாற்றக்கூடியவை. தனித்த கல்லீரல் சோதனை இனி வரிசையில் கடைசியாக இல்லாமல், முழு விலங்கில் முதல் பலன் தெரிந்த உடனேயே நடக்கும்.

தீராமல் நிற்பது கல்லீரல் தமனி. போர்ட்டல் வரத்து குறையும்போது அந்தத் தமனி தானாக விரிந்து ஓட்டத்தைக் கூட்டுகிறது. போர்ட்டல் ரத்தம் அலசிச் செல்லும் அடினோசின் என்ற பொருள், ஓட்டம் குறைந்ததும் தமனியைச் சுற்றித் தேங்கி அதை விரிக்கிறது என்பது 1980களில் உடலியங்கியலாளர் லாட் முன்வைத்த விளக்கம். குறைந்த போர்ட்டல் ஓட்டத்தில் 25 முதல் 60 சதவீதம் வரை இப்படி ஈடாகலாம். எங்கள் மூலக்கூறு போர்ட்டல் வரத்தைக் குறைத்த அதே வேளையில் தமனி அழுத்தத்தையும் குறைத்தது; அந்த நிலையில் இந்த ஈடு முழுமையாகக் கிடைத்ததா, கல்லீரல் ஆக்சிஜனுக்குத் தவித்ததா என்பதை நாங்கள் அளக்கவில்லை. எலியின் கல்லீரல் தமனி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது. அதைக் கிள்ளாமல் சுற்றிப் பிடிக்கும் ஓட்ட அளவி அப்போது எங்களிடம் இல்லை. அடுத்த தொடர் சோதனைக்கான கருவிப் பட்டியலில் அதுவே முதல் வரி.